சேற்றில் சுடர் கண்ட வோல்ட்டா

கல்வராயன் மலையிலே பிறந்து சமவெளிக்கு இறங்கும் கோமுகி நதியின் குறுக்கே, கச்சிராயபாளையத்தை அடுத்து, அந்நதியின் பெயராலேயே ஓர் அணை அமைந்துள்ளது. கோடையில் நீர் வற்றிக் கரையோரத்துச் சேறு வெளிப்படுங்கால், தேங்கிய நீரினூடே ஒரு கோலை ஊன்றிக் கிளறினால், குமிழிகள் சில மேலெழுந்து வெடித்து மறைவதைக் காணலாம். கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்துள்ள ஊர்களின் ஏரி குளங்களிலும் இக்காட்சி புதிதன்று. மாடு மேய்க்கும் சிறுவர் இதனை விளையாட்டாகக் கொள்வர். வழிச்செல்வோர் நாற்றத்துக்கு அஞ்சி மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் ஏகுவர்.

பன்னூறு தலைமுறையாக மக்கள் கண்டுங் காணாது விட்ட இக்குமிழியைக் குடுவையிலே பிடித்து, அருகே தீயைக் காட்டி, இஃது எரியும் இயல்புடையது என்றும், நீரின் அடியில் அழுகும் பொருள்களிலிருந்து பிறப்பது என்றும் முறைப்பட ஆராய்ந்து நிறுவியவர் இத்தாலி நாட்டுப் பேரறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா ஆவார். மின்கலத்தை உலகுக்கு அளித்தவர் என்ற அளவில் அவர் பெயரை மாணவர் யாவரும் அறிவர். மின்விளக்கின்மீது பொறிக்கப்பெற்றுள்ள வோல்ட்டு என்னும் அளவு அவர் பெயரால் வழங்குவதே. ஆயினும், மின்கலத்துக்கு 23 ஆண்டுகள் முன்னரே அவர் சேற்றைக் கிளறிக் கண்டெடுத்த மற்றொரு செல்வத்தை அறிந்தோர் மிகச் சிலரே. இந்நாளில் நகரங்களின் சாக்கடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகின்றது. அங்ஙனம் எடுக்குமிடத்து அவருடைய ஆராய்ச்சிகள் இரண்டும் ஒருங்கே வந்து கூடுகின்றன. ஆதலின், அப்பெரியாரின் வரலாற்றை அச்சேற்றின் பக்கமாக நின்று ஒருமுறை நோக்குவோமாக.

பிறப்பும் இளமையும்

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தே, ஓர் அழகிய ஏரியின் கரையில் கோமோ என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1745-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் வோல்ட்டா பிறந்தார். அக்காலத்தில் இத்தாலி ஒரே நாடாக அமையவில்லை. கோமோவை உள்ளிட்ட மிலான் நாடு ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் பெயர் பிலிப்போ, தாயார் மடலேனா. குடிப்பிறப்பால் உயர்ந்ததாயினும் செல்வத்தால் தாழ்ந்து வந்த குடும்பம் அது. உடன்பிறந்தாருள் பலர் சமயத் தொண்டில் புகுந்தனர்.

குழந்தை நான்கு வயது வரையில் பேசவில்லை. இவன் ஊமையோ, அறிவு குறைந்தவனோ என்று வீட்டார் கவலையுற்றனர். ஆனால் ஏழாம் வயதில் அவர் ஒத்த சிறுவரை எட்டிப் பிடித்து, விரைவிலே அவர்களைக் கடந்தும் சென்றார். அவ்வளவில் தந்தையார் இறக்கவே, சிற்றப்பன்மார் அவரை வளர்க்கும் பொறுப்பை ஏற்றனர். சிறுவயதில் ஒருநாள், ஊற்று ஒன்றில் பொன் மின்னுகின்றதெனக் கேள்வியுற்று அதனைத் தேடிச் சென்றவர் நீரில் விழுந்து உயிர் தப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். நீரின் அடியில் இருப்பதை அறிய வேண்டும் என்னும் வேட்கை அவரை வாழ்நாள் முழுதும் விட்டபாடில்லை.

கோமோவிலிருந்த இயேசு சபையார் கல்லூரியில் அவர் பயின்றார். ஆசிரியர்கள் அவரைத் துறவியாக்க விரும்பினர். வீட்டாரோ வழக்கறிஞராக்க விரும்பினர். இளைஞர் உள்ளமோ இவ்விரண்டிலும் பற்றாது, மின்சாரத்தின்மேல் சென்றது. செல்வமும் அறிவும் வாய்ந்த கத்தோனி என்னும் நண்பர் தம் நூல்களையும் கருவிகளையும் கொடுத்து உதவினார். கோமோ நகரின் பழங்கோபுரம் ஒன்றிலிருந்த அந்நண்பரின் ஆய்வுச்சாலையே வோல்ட்டாவுக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 18 வயதளவில் அவர் பாரிசு நகரத்து நொல்லே, தூரின் நகரத்துப் பெக்காரியா ஆகிய பேரறிஞர்களுக்குக் கடிதம் எழுதித் தம் ஐயங்களை வினவலானார். 1769-இல் மின்சாரத்தின் கவர்ச்சி ஆற்றலைப் பற்றி லத்தீன் மொழியில் முதல் நூலை வெளியிட்டார்.

1774-இல் கோமோ நகரத்துப் பள்ளிகளை மேற்பார்க்கும் பதவியும், அடுத்த ஆண்டில் இயற்பியல் ஆசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தன. 1775-ஆம் ஆண்டிலேயே, ஒருமுறை தேய்த்த அரக்குத் தட்டிலிருந்து மீண்டும் மீண்டும் மின்னூட்டம் பெறத்தக்க கருவி ஒன்றைச் செம்மையாக அமைத்து, இங்கிலாந்திலிருந்த பிரீஸ்ட்லிக்கு அதனைக் குறித்து எழுதினார். எலெக்ட்ரோபோரஸ் எனப்பெற்ற அக்கருவியால் அவர் பெயர் ஐரோப்பா எங்கும் பரவிற்று.

ஏரியின் நாணற் கரையில்

அவ்வாண்டுகளில் அறிஞர் உலகைக் கவர்ந்த பொருள் காற்று ஆகும். பண்டையோர் காற்றை ஒரு தனிப் பூதம் என்று கருதினர். ஆனால் பிளாக் என்பார் கரியமில வாயுவையும், 1766-இல் கேவண்டிஷ் என்பார் உலோகங்களையும் அமிலங்களையும் கொண்டு ஹைட்ரஜன் வாயுவையும், 1774-இல் பிரீஸ்ட்லி பிராணவாயுவையும் பிரித்துக் காட்டினர். காற்று ஒன்றன்று, பல என்பது விளங்கலாயிற்று. அமெரிக்க நாட்டுச் சேற்று நீர்நிலைகள் சிலவற்றில் தீப்பற்றுவதைக் குறித்துப் பெஞ்சமின் பிராங்கிளின் எழுதிய செய்தி வோல்ட்டாவுக்கு எட்டியது. அவருடைய நண்பரான கார்லோ காம்பி என்னும் பாதிரியாரும் எரியும் காற்று வெளிப்படும் ஊற்று ஒன்றைச் சான் கொலும்பானோ என்னுமிடத்தருகே கண்டு தெரிவித்தார். இயற்கையிலே எரிகாற்று தானே பிறக்குமாயின், தம் நாட்டு ஏரிகளிலும் அது கிட்ட வேண்டுமன்றோ என்று வோல்ட்டா எண்ணினார்.

1776-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அவர் மஜ்ஜோரே என்னும் ஏரியின் கரையிலுள்ள அங்கேரா என்ற ஊரில் தங்கியிருந்தார். ஒருநாள் சிறு படகிலேறி, நாணல் அடர்ந்த கரையோரமாகச் சென்று, கையிலிருந்த கோலால் அடிச்சேற்றைக் கிளறினார். குமிழிகள் திரளாக எழுந்தன. நீர் நிரப்பிய குடுவையைத் தலைகீழாகப் பிடித்து, அக்குமிழிகளை அதனுட் புகச் செய்தார். நீர் கீழிறங்க, வாயு மேலே நிறைந்தது. அதனருகே சுடரைக் காட்டவே, அவ்வாயு நீல நிறத்துடன் மெல்ல எரிந்தது.

ஓரிடத்தில் கண்டதைக் கொண்டு முடிவு கட்டுவோர் பலர். வோல்ட்டா அவ்வாறு செய்யவில்லை. ஏரி, குட்டை, வாய்க்கால், பள்ளம் என்று சென்றவிடமெல்லாம் சேற்றைக் கிளறி வாயுவைப் பிடித்துச் சோதித்தார். செடி கொடிகளும் உயிர்களின் உடற்பொருள்களும் நீரின் அடியில் அழுகுமிடமெல்லாம் அவ்வாயு கிடைத்தது. உலோகத்திலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனினின்று இது வேறு என்பதையும், இது முற்றிலும் எரிவதற்கு மிகுதியான காற்று வேண்டும் என்பதையும் அவர் அளந்து கண்டார். தம் முடிவுகளைக் காம்பிக்குக் கடிதங்களாக வரைந்து, 1777-இல் நூலாக வெளியிட்டார். இக்காலத்தார் மீதேன் என வழங்குவது அந்தச் சேற்று வாயுவையே. கரியணு ஒன்றும் ஹைட்ரஜன் அணு நான்கும் கூடியது அது. ஒரு பங்கு மீதேன் எரிவதற்கு ஏறத்தாழ பத்துப் பங்கு காற்று வேண்டும் என்று இன்றைய வேதியியல் கணக்கிடுகின்றது. இதனைப் பிறப்பிக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி அக்காலத்தில் ஒருவரும் அறியார். எனினும், அழுகலே இதன் தாய் என்பதை வோல்ட்டா உணர்ந்தமை வியத்தற்குரியது.

அவருடைய ஆராய்ச்சி அதனோடு நிற்கவில்லை. மூடிய கலத்தில் எரிவாயுவையும் காற்றையும் கலந்து, மின்பொறியால் வெடிக்கச் செய்யும் சிறு துப்பாக்கி போன்ற கருவி ஒன்றை அமைத்தார். அதனையே திருத்தி, ஒரு காற்றில் பிராணவாயு எவ்வளவு உள்ளது என்று அளக்கும் கருவியாகவும் ஆக்கினார். கோமோவிலிருந்து மிலான் வரையில் மரக்கம்பங்களின்மீது கம்பியை நீட்டி, இங்கே எழுப்பும் மின்பொறியால் அங்கே அத்துப்பாக்கியை வெடிக்கச் செய்து செய்தி அனுப்பலாம் என்றும் 1777-இல் எழுதினார். அது செயலுக்கு வரவில்லை. ஆயினும் மூடிய கலத்தில் எரிவாயுவை மின்பொறியால் கொளுத்துதல் என்னும் அவ்வெண்ணமே, பிற்காலத்து வாயு எஞ்சின்களின் உள்ளே ஒவ்வொரு நொடியும் நிகழும் செயலாயிற்று.

அதே 1777-ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்து முதலிய இடங்களுக்குச் சென்று அறிஞர்களைக் கண்டு திரும்பினார். திரும்புங்கால் உருளைக்கிழங்கைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்து, அதன் பயிரைப் பரப்ப முயன்றார் என்பர். ஆய்வுச்சாலையில் விளங்கும் அறிவு ஏழையின் அடுப்பங்கரையிலும் பயன்பட வேண்டும் என்னும் கருத்து அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது.

பாவியாவும் மின்கலமும்

1778-இல் பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. பட்டம் பெறாமலே கற்றுத் தேர்ந்தவர் பட்டம் வழங்கும் கழகத்தின் பேராசிரியரானார். அங்கே நாற்பதாண்டு அளவும் அவர் தொடர்பு நீடித்தது. அவர் செய்து காட்டும் சோதனைகளைக் காண மாணவர் திரள்வாராயினர். 1794-இல் இலண்டன் அரச கழகம் தனது உயர்ந்த பரிசாகிய காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. அவ்வாண்டிலேயே அவர் தெரெசா பெரெக்ரினி என்னும் மங்கையை மணந்து, பின்னர் மூன்று புதல்வரைப் பெற்றார்.

இதற்கு மூன்றாண்டு முன்பு, பொலோஞா நகரத்து உடற்கூற்று அறிஞர் கால்வானி, இறந்த தவளையின் கால் இரு உலோகங்களால் தொடப்பெற்றபோது துடித்ததைக் கண்டு, விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் உறைகின்றது என்று எழுதினார். வோல்ட்டா முதலில் அதனைப் பாராட்டினார். பின்னர்த் தாமே சோதித்துப் பார்த்தார். அதன் பின்னர் ஐயுற்றார். மின்சாரம் தவளையினின்று எழுவதன்று. வேறுபட்ட இரு உலோகங்களின் சேர்க்கையினின்றே எழுவது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய அறிஞர் இரு பிரிவாகி வாதிட்டனர். கால்வானியின் வழியில் உயிருடலில் மின்னோட்டம் உண்டு என்பதும், வோல்ட்டாவின் வழியில் உலோகங்களும் உப்புநீரும் கூடி மின்சாரம் தரும் என்பதும் பிற்காலத்தில் உண்மை என நிறுவப்பெற்றன. வாதத்தில் தோற்றவர் எவருமில்லை; அறிவே வென்றது.

1799-ஆம் ஆண்டின் இறுதியில் வோல்ட்டா தம் கருத்தைக் கருவியாக்கினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் தோய்த்த அட்டை என்னும் மூன்றையும் இவ்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தூண்போல் எழுப்பினார். அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தபோது மின்சாரம் இடையறாது ஓடிற்று. அதுவரையில் மின்சாரம் என்பது ஒரு கணம் தோன்றி மறையும் பொறியாகவே இருந்தது. அன்று முதல் அது வாய்க்கால் நீர்போல் ஓடும் பொருளாயிற்று. 1800-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் அவர் இச்செய்தியை இலண்டன் அரச கழகத் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவர் மின்கலத்தைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்தனர். மின் வேதியியல் என்னும் புதுக்கலை பிறந்தது.

இவையெல்லாம் அமைதியான காலத்தில் நிகழ்ந்தன அல்ல. 1796-இல் நெப்போலியனின் படைகள் வட இத்தாலியைக் கைக்கொண்டன. 1799-இல் ஆஸ்திரியர் மீண்டும் வந்து பாவியா பல்கலைக்கழகத்தை மூடினர். 1800-இல் நெப்போலியன் அதனைத் திறந்தார். அரசுகள் மாறின; வோல்ட்டாவின் ஆராய்ச்சி மாறவில்லை. 1801-இல் பாரிசு நகரில் நெப்போலியன் முன்னிலையில் அவர் தம் மின்கலத்தை விளக்கிக் காட்டிப் பொற்பதக்கம் பெற்றார். 1810-இல் கோமகன் பட்டமும் வந்தது. நெப்போலியன் வீழ்ந்த பின்னர் ஆஸ்திரியப் பேரரசரும் 1815-இல் பாதுவா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி அளித்தார். ஆனால் 1814-இல் புதல்வருள் ஒருவரை இளமையிலேயே இழந்த துயரை எப்பட்டமும் ஆற்றவில்லை. 1819-இல் பதவிகளை விட்டுக் கோமோவை அடுத்த காம்னாகோ என்னும் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். 1827-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில் உயிர் நீத்தார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு, மின்னழுத்தத்தின் அளவுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று.

இரு செல்வங்களும் கூடியமை

வோல்ட்டா கண்ட சேற்று வாயு நெடுங்காலம் அறிவுலகின் விந்தைப் பொருளாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரங்கள் பெருகவே, அவற்றின் கழிவுநீரை என் செய்வது என்னும் கேள்வி எழுந்தது. 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் டொனால்டு கேமரன் என்பார் மூடிய தொட்டியில் கழிவுநீரைத் தேக்கி அழுகச் செய்தார். அதில் பிறந்த வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1897-இல் பம்பாயை அடுத்த மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுத் தொட்டியில் வாயுவைச் சேர்க்கும் அமைப்புப் பொருத்தப்பட்டது. பிற்பாடு அவ்வாயுவால் எஞ்சினும் ஓட்டப்பட்டது. ஊரார் ஒதுக்கிய மக்களின் இல்லத்திலிருந்து, ஊரார் வெறுத்த கழிவினின்று, இந்நாட்டின் இத்தகைய முதல் முயற்சிகளுள் ஒன்று தோன்றியமை நினைவில் நிறுத்தத் தக்கது.

சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 2006-ஆம் ஆண்டையொட்டிக் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 11 கோடி லிட்டரும், கோயம்பேட்டில் 6 கோடி லிட்டரும், பெருங்குடியில் 5.4 கோடி லிட்டரும், நெசப்பாக்கத்தில் 4 கோடி லிட்டரும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களை அமைத்து, அவற்றில் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. அதன் முறை வருமாறு: கழிவுநீரைத் தெளிய வைக்குமிடத்து அடியில் கசடு தங்கும். அக்கசட்டைக் காற்றுப் புகாத பெருங்கலத்தில் இட்டு, ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், பல நாள் வைப்பர். நுண்ணுயிர்களுள் ஒரு சாரார் அதனைக் கரைத்து அமிலமாக்க, மற்றொரு சாரார் அவ்வமிலத்தினின்று மீதேனைப் பிறப்பிப்பர். வரும் வாயுவில் 60 முதல் 65 விழுக்காடு மீதேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. எஞ்சினை அரிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கிய பின், வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி மின்பொறியால் எரிப்பர். ஒரு கன மீட்டர் வாயுவினின்று ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் பெறலாம். அம்மின்சாரமே அந்நிலையத்தின் பம்புகளையும் காற்றூதிகளையும் இயக்க உதவும். அங்கேரா ஏரியின் குமிழி ஒரு முனையில் புக, வோல்ட்டு என்னும் அளவால் கணக்கிடப்படும் மின்சாரம் மறுமுனையில் வெளிவருகின்றது.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. மீதேன் எரியாமல் வானிற் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு உலகை வெப்பமுறச் செய்யும். ஆதலின் அதனை எரித்துப் பயன்கொள்ளுதல் ஆதாயம் மட்டுமன்று, கடமையும் ஆகும்.

நம் வட்டாரத்துக்குரிய பாடம்

2019-ஆம் ஆண்டு தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. உருளைக்கிழங்கைப் போலவே அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த மரவள்ளிக் கிழங்கு கல்வராயன் மலைச்சரிவுகளிலும் அடிவாரத்துப் புன்செய்களிலும் விளைகின்றது. சின்னசேலம் வட்டாரத்து ஆலைகள் அதனை ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆக்குகின்றன. கிழங்கைக் கழுவி அரைத்து மாவைத் தெளியவைத்த பின் எஞ்சும் நீர் புளித்து நாறும். வெளியே விட்டால் நிலத்தையும் நீரையும் கெடுக்கும். அந்நீரிலுள்ள மாவுப்பொருளே நுண்ணுயிர்களுக்கு நல்லுணவு. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் சில அதனை மூடிய கலங்களில் இட்டு வாயுவெடுத்து, ஆலையின் எரிபொருளாகவும் மின்சாரமாகவும் பயன்கொண்டுள்ளன. ஊராருக்கு நாற்றம் குறைகின்றது. ஆலைக்கு விறகும் மின் கட்டணமும் குறைகின்றன. எஞ்சிய நீரையும் முறைப்படத் தூய்மை செய்த பின்னரே வெளிவிட வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்தே ஒரு துயரச் செய்தியையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. விளக்கெரிக்கும் இவ்வாயு, அடைத்த குழியில் தங்கினால் உயிரையும் குடிக்கும். மீதேனுக்கு நிறமும் மணமும் இல்லை. அது பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். உடன்வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். பேரளவிலோ மோப்ப உணர்வையே அழித்துவிடும். ஆதலின் நாற்றம் இல்லையென்று நம்பி இறங்குவோர் மடிகின்றனர். அவரைக் காக்க இறங்குவோரும் மடிகின்றனர். கழிவுநீர்க் குழிகளில் தக்க காப்பின்றி மனிதரை இறக்குதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பெற்றுள்ளது. அதன் பின்னரும் நம் நாட்டில் உயிர்கள் போயின. அங்ஙனம் இறந்தோருள் பெரும்பாலோர் சாதியின் பெயரால் அத்தொழிலில் தள்ளப்பட்டவரே என்பது நாம் நாண வேண்டிய செய்தி.

காற்றின் தகுதியை அளந்தறியும் கருவியை வோல்ட்டா 1777-ஆம் ஆண்டளவிலேயே அமைத்தார். இக்காலத்துக் காற்றுச் சோதனைக் கருவிகள் உள்ளங்கையில் அடங்குவன. குழியைத் திறந்து, காற்றை அளந்து, பொறியைக் கொண்டே கசட்டை எடுக்க வழிகள் உள்ளன. ஆகவே, இன்று ஒருவர் குழியில் மடிந்தால் அதற்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது; அறிந்ததைச் செய்யாமையே காரணமாகும். கழிவினின்று மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் பெருமை, அவை தரும் யூனிட்டுகளால் மட்டும் அளக்கப்படுவதன்று. மனிதர் கை படாமலும் மனிதர் உயிர் போகாமலும் அப்பணி நிகழ்கின்றதா என்பதாலும் அளக்கப்படும்.

மாணவ நண்பர்களே, வோல்ட்டாவுக்கு அன்று கிடைத்த கருவிகள் ஒரு படகும், ஒரு கோலும், ஒரு குடுவையுமே. அவை நம் ஊர்களிலும் உள்ளன. அவரிடம் மிகுந்திருந்தது ஒன்றே: பிறர் முகஞ்சுளித்து விலகிய இடத்தில் அவர் நின்று பார்த்தார், கண்டதை ஓரிடத்தோடு விடாமல் பலவிடத்தும் சோதித்தார், சோதித்ததை மறைக்காமல் எழுதினார். நான்கு வயது வரையில் பேசாத குழந்தையை அறிவு குறைந்ததென்று கைவிட்டிருந்தால் உலகு எதனை இழந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஏரிக்கரையில் ஒருகணம் நில்லுங்கள். அந்தக் குமிழியை முன்போல் கண்டுங் காணாது கடக்க உங்களால் இயலாதாயின், இவ்வரலாற்றைப் படித்த பயன் எய்தியவராவீர்.